தோட்டத்துக் கட்டுப்பாட்டுப் பலகைக்கு ஏற்ற மின்வழங்கியின் அளவு

1932-ஆம் ஆண்டில் நீலகிரி மலையில் பைக்காரா மின்சார நிலையம் வேலை தொடங்கிய பின்னர், கோயம்புத்தூர்ச் சீமையின் தோட்டக்கால்களில் கவலை ஏற்றத்தின் இடத்தை மின்சாரப் பம்பு சிறிது சிறிதாகக் கைப்பற்றியது. 1937-இல் மேட்டூரும் 1944-இல் பாபநாசமும் அந்த மின்சாரத்திற்குத் துணை நின்றன. அக்காலத்தில் தோட்டத்தில் மின்சாரம் செய்த வேலை ஒன்றே: மோட்டாரைச் சுழற்றுவது. மோட்டாரை ஓட்டுவதும் நிறுத்துவதும், மடையைத் திறப்பதும் அடைப்பதும் ஆளின் கை வேலையாகவே இருந்தன.

இன்று நிலைமை வேறு. 1968, 1969-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளின் உபயோகத்திற்கென உருவான பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கருவி, இப்பொழுது சொட்டுநீர்ப் பாசனம் நடைபெறும் வாழைத் தோப்புகளிலும் தென்னந்தோப்புகளிலும் காணப்படுகிறது. மின்வால்வு, ரிலே, அழுத்தமானி, நீர்மட்டமானி, கைபேசி வழியே செய்தி அனுப்பும் மோடம் முதலியவை அதனுடன் சேர்ந்து, ஆள் இல்லாமலே முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகின்றன. ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட இக்காலத்தில் இவை பெரிதும் பிரயோஜனமானவை என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இத்தகைய பலகையை ஸ்தாபிக்கும்போது, விலையுயர்ந்த கருவிகளைப் பற்றி விரிவாக விசாரிக்கும் விவசாயி, அவை அனைத்திற்கும் உயிர் கொடுக்கும் ஒரு சிறு பெட்டியைப் பற்றி விசாரிப்பதில்லை. 230 வோல்ட் மாறுமின்சாரத்தை வாங்கி, 24 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருவதே அப்பெட்டியின் தொழில். கடைகளில் அதனை பவர் சப்ளை என்றும் எஸ்.எம்.பி.எஸ். என்றும் கூறுவர். இக்கட்டுரையில் அதனை மின்வழங்கி என்று குறிப்பிடுவோம். அதன் அளவை எவ்வாறு கணக்கிடுவது என்பதையும், கணக்குத் தவறினால் பயிருக்கும் மோட்டாருக்கும் என்ன நேரும் என்பதையும் இங்கே விவரிப்போம்.

அளவு குறைந்தால் நேரும் தீங்கு

அளவிற் குறைந்த மின்வழங்கி உடனே கெட்டுப்போவதில்லை. அதுவே அதன் அபாயம். ஒன்றிரண்டு வால்வுகள் மட்டும் இயங்கும் வரையில் எல்லாம் சரியாகவே நடக்கும். ஒரு பகுதியின் பாசனம் முடிந்து அடுத்த பகுதிக்கு மாறும் தருணத்தில் தேவை சட்டென்று உயரும். அப்பொழுது மின்வழங்கியால் 24 வோல்ட்டைத் தாங்கிப் பிடிக்க முடியாமல், வோல்டேஜ் 18, 16 என்று இறங்கிவிடும். ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருக்கும் ரிலேயோ வோல்டேஜ் பாதிக்குக் குறைந்தாலும் பிடியை விடாது; ஆகவே மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். புதிதாகத் திறக்க வேண்டிய வால்வுக்கு மட்டும் அவ்வோல்டேஜ் போதாது, அது திறவாது. பழைய வால்வும் மூடிவிட்டால், போக்கிடமற்ற தண்ணீரின் அழுத்தம் முழுவதும் குழாயின் மீது ஏறும். இணைப்புகள் விட்டுப்போவதும் குழாய் வெடிப்பதும் இவ்வாறே நேர்கின்றன.

மற்றொரு விதமும் உண்டு. வோல்டேஜ் இறங்கியவுடன் பி.எல்.சி. தன் வேலையை மறந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். சுமை நீங்கியதால் வோல்டேஜ் ஏறும், மோட்டாருக்குக் கட்டளை செல்லும், வால்வுகள் இழுக்கும், மறுபடியும் வோல்டேஜ் இறங்கும். இப்படி ஸ்டார்ட்டர் சில நிமிஷங்களுக்குள் பலமுறை விழுந்தெழுந்தால், அதன் முனைகள் தீய்ந்து ஒட்டிக்கொள்ளும். மோட்டாரின் கம்பிச்சுருளும் சூடேறிக் கருகும். வாழை தார் தள்ளும் பருவத்தில், கோடை நாளில், ஒரு வாரம் பாசனம் நின்றால் தாரின் எடை குறைவதைப் பற்றி விவசாயிகளுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. சிறு பெட்டியில் செய்த சிக்கனம் பெரும் நஷ்டத்தில் முடியும்.

மூன்று அளவைகள்

மின்சாரக் கணக்கை நீரோட்டத்தோடு ஒப்பிட்டு அறிவது எளிது. மேல்நிலைத் தொட்டியின் உயரம் எப்படியோ அப்படியே வோல்ட். குழாயில் ஓடும் நீரின் அளவு எப்படியோ அப்படியே ஆம்பியர். இரண்டையும் பெருக்கி வருவது வாட் என்னும் சக்தியளவு. 24 வோல்ட்டில் 10 வாட் வாங்கும் வால்வு, 10-ஐ 24-ஆல் வகுக்க, 0.42 ஆம்பியர் வாங்குகிறது. ஒவ்வொரு கருவியின் பெயர்த்தகட்டிலும் வாட் அல்லது ஆம்பியர் பொறிக்கப்பட்டிருக்கும். தகட்டில் உள்ளதை எழுதிக்கொள்வதே முதல் வேலை. கடைக்காரர் வாய்மொழியாகக் கூறுவதை எழுதிக்கொள்வதில் பயனில்லை.

கணக்கின் முதற்படி: பட்டியல்

உதாரணமாக, எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பகுதிக்கு ஒரு வால்வு வைத்து, ஒரே சமயத்தில் இரண்டு பகுதிகளுக்குத் தண்ணீர் பாயும் ஒரு வாழைத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆழ்குழாய்க் கிணற்றில் 5 குதிரைசக்தி மோட்டார் உள்ளது. அதன் ஸ்டார்ட்டர் தனியாக உயர்ந்த வோல்டேஜில் இயங்குவதால், பலகையிலிருந்து ஒரு ரிலே மட்டுமே அதற்குக் கட்டளை தருகிறது. 24 வோல்ட்டில் இயங்கும் கருவிகளின் தேவை பின்வருமாறு இருப்பதாகக் கொள்வோம்:

பி.எல்.சி. கருவி: 0.25 ஆம்பியர்.
தொடுதிரை: 0.30 ஆம்பியர்.
கைபேசி மோடம்: 0.15 ஆம்பியர்.
அழுத்தமானி, நீர்மட்டமானி முதலிய உணர்கருவிகள்: 0.10 ஆம்பியர்.
ரிலேக்கள் எட்டு, ஒவ்வொன்றும் 0.04 வீதம்: 0.32 ஆம்பியர்.
மின்வால்வுகள், ஒவ்வொன்றும் 0.42 ஆம்பியர்.

வால்வுகளின் கணக்கிலேதான் பெரும்பாலும் பிழை நேர்கிறது. எட்டு வால்வுகளையும் கூட்டினால் 3.36 ஆம்பியர் ஆகும். ஆனால் எட்டும் ஒருபோதும் சேர்ந்து திறப்பதில்லை. ஆகவே அப்படிக் கூட்டுவது அநாவசியச் செலவு. பாசனம் நடக்கும்போது திறந்திருப்பவை இரண்டே என்று 0.84 ஆம்பியரை மட்டும் எழுதிக்கொள்வதும் தவறு. குழாயில் அழுத்தம் திடீரென்று ஏறாமலிருக்க, அடுத்த இரண்டு வால்வுகள் திறந்த பின்னரே முந்திய இரண்டும் மூட வேண்டும். அந்தச் சில விநாடிகளில் நான்கு வால்வுகள் ஒருங்கே மின்சாரம் வாங்கும். எனவே எழுத வேண்டிய தொகை 1.68 ஆம்பியர். மிக நெருக்கடியான விநாடியின் தேவை எதுவோ அதுவே நம் கணக்கிற்கு உரியது; நாள் முழுவதற்குமான சராசரி அன்று.

மேற்கண்ட ஆறு இனங்களையும் கூட்டினால் 2.80 ஆம்பியர் வருகிறது.

இரண்டாம் படி: பாட்டரியின் பங்கு

கிராமங்களில் மின்சாரம் நின்று நின்று வருவது உண்டு. அச்சமயத்தில் மோட்டார் ஓடாவிடினும், பி.எல்.சி.யும் மோடமும் உயிரோடிருந்தால் நிகழ்ந்ததை விவசாயிக்குத் தெரிவிக்கும். பாசன முறை எங்கே நின்றது என்பதையும் மறவாமலிருக்கும். இதற்காக 12 வோல்ட் பாட்டரி இரண்டினைத் தொடராக இணைத்துப் பலகையில் வைப்பது வழக்கம். தொடுதிரையை அணைத்து, பி.எல்.சி., மோடம், உணர்கருவிகள் ஆகிய மூன்றிற்கு மட்டும் கொடுத்தால் 0.5 ஆம்பியர் தேவை. நான்கு மணி நேரத்திற்கு 2 ஆம்பியர்-மணி ஆகும். பாட்டரியை முழுவதும் காலி செய்தால் அதன் ஆயுள் குறையுமாதலாலும், வயதாக ஆகக் கொள்ளளவு குறையுமாதலாலும், 7 ஆம்பியர்-மணி அளவுள்ளதை வைப்பது போதுமானது.

இங்கே பலர் மறந்துவிடும் விஷயம் ஒன்றுண்டு. மின்சாரம் திரும்பி வந்தவுடன் பாட்டரி தன் பசியைத் தீர்த்துக்கொள்ள முற்படும். கொள்ளளவில் பத்திலொரு பங்கு வீதம் ஏற்றினால் 0.7 ஆம்பியர் வேண்டும். அதே சமயத்தில் பாசனமும் தொடங்கும். ஆகவே இந்த 0.7 ஆம்பியரையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். மொத்தத் தேவை இப்பொழுது 3.50 ஆம்பியர்.

மூன்றாம் படி: மிச்சம் வைத்தல்

எந்த மின்வழங்கியையும் அதன் முழு அளவிலேயே ஆண்டு முழுவதும் ஓட்டுவது, உழவு மாட்டை ஓய்வின்றி ஓட்டுவது போலாகும். அதனுள்ளிருக்கும் கன்டென்சர்கள் சூட்டினால் விரைவில் வறண்டு போகும். மேலும், பின்னர் இரண்டு வால்வுகளோ ஓர் உரக்கரைசல் பம்போ சேர்க்க நேரலாம். ஆதலால் நான்கில் ஒரு பங்கு மிச்சம் வைப்பது நல்ல பழக்கம். 3.50-ஐ 1.25-ஆல் பெருக்க, 4.38 ஆம்பியர் கிடைக்கிறது. 24 வோல்ட் மின்வழங்கிகள் பெரும்பாலும் 2.5, 5, 10, 20 ஆம்பியர் அளவுகளில் விற்கப்படுகின்றன. ஆகவே 5 ஆம்பியர், அதாவது 120 வாட் அளவுள்ளது போதும் என்று தோன்றும். ஆனால் இன்னும் ஒரு படி பாக்கியிருக்கிறது.

நான்காம் படி: உஷ்ணம்

மின்வழங்கியின் தகட்டில் காணும் ஆம்பியர், ஒரு குறிப்பிட்ட உஷ்ணம் வரையிலேதான் கிடைக்கும். பலவற்றிற்கு அவ்வெல்லை 50 டிகிரி சென்டிகிரேட், சிலவற்றிற்கு 60. எல்லையைத் தாண்டிய ஒவ்வொரு டிகிரிக்கும் இரண்டரை சதவிகிதம் குறைத்துக்கொள்ளும்படி பல தயாரிப்பாளர்களின் கையேடுகள் கூறுகின்றன. மேற்குப் பார்த்த தகரக் கொட்டகையில், சித்திரை வெயிலில், காற்றோட்டமில்லாத இரும்புப் பெட்டிக்குள் உஷ்ணம் 58 டிகிரியை எட்டுவது வியப்பன்று. உள்ளிருக்கும் கருவிகளின் சொந்தச் சூடும் அதனோடு சேருகிறது. 58 டிகிரியில் எட்டு டிகிரிக்கு இருபது சதவிகிதம் குறையும். 5 ஆம்பியர் மின்வழங்கி அப்பொழுது 4 ஆம்பியரே தரும். நமக்கு வேண்டியதோ 4.38. ஆகவே போதாது.

இப்பொழுது விவசாயியின் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, 10 ஆம்பியர் மின்வழங்கியை வாங்குவது. மற்றொன்று, பலகையின் உஷ்ணத்தைக் குறைப்பது. பெட்டியை வடக்குப் பார்த்த சுவரில் நிழலில் மாட்டி, மேலே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கீற்றோ ஓடோ வேய்ந்து, பெட்டிக்கு வெளிர் நிறம் பூசி, மின்வழங்கியின் மேலும் கீழும் நான்கு விரற்கடை இடம் விட்டு அமைத்தால், உஷ்ணம் 50 டிகிரிக்குள் நிற்கும்படி செய்யலாம். அப்பொழுது 5 ஆம்பியரே போதுமானது. ஒரு கீற்றுப் பந்தலின் செலவு, பெரிய மின்வழங்கிக்குக் கொடுக்கும் அதிக விலையை விடக் குறைவு. அன்றியும் அந்நிழல் பி.எல்.சி., பாட்டரி, மோடம் ஆகிய எல்லாவற்றின் ஆயுளையும் சேர்த்து நீட்டிக்கும். நிழல் அமைக்க வசதியில்லாத இடங்களில் மாத்திரம் 10 ஆம்பியர் வாங்குவது உசிதம். பெட்டியில் ஓர் உஷ்ணமானியை வைத்து, கோடையில் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு வாரம் குறித்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

நீலகிரி விவசாயிகள் இதில் மற்றொன்றைக் கவனிக்க வேண்டும். கடல் மட்டத்திற்கு 2,000 மீட்டருக்கு மேல் காற்று மெல்லியதாயிருப்பதால், கருவியின் சூட்டை அது எடுத்துச்செல்லும் திறனும் குறைகிறது. உதகமண்டலம் அவ்வெல்லைக்கு மேலுள்ளது. அங்கே வெயிலின் பயம் இல்லாவிடினும், உயரத்திற்கான குறைப்பைக் கையேட்டில் பார்த்துக்கொள்வது அவசியம்.

கடைமடைக்கு எட்டும் வோல்டேஜ்

தலைமடையில் தண்ணீர் நிறைய ஓடியும் கடைமடை காய்வதை நாம் அறிவோம். மின்சாரத்திலும் அதுவே நிகழும். மின்வழங்கி போதிய அளவுள்ளதாயிருந்தும், தூரத்து வால்வு திறக்கவில்லையானால் காரணம் கம்பியே.

பலகையிலிருந்து 300 மீட்டர் தொலைவில் ஒரு வால்வு இருப்பதாகக் கொள்வோம். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டுமாதலால் கம்பியின் நீளம் 600 மீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செம்புக் கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 18 ஓம் தடை உண்டு. 600 மீட்டருக்கு 10.8 ஓம். 10 வாட் வால்வின் சுருளுக்கு 57.6 ஓம் தடை. இரண்டும் சேர்ந்து 68.4 ஓம். 24 வோல்ட் இவ்விரண்டிற்கும் அதே விகிதத்தில் பங்கிடப்படுவதால், வால்வுக்குக் கிடைப்பது 20.2 வோல்ட். பல வால்வுகள் பத்து சதவிகிதக் குறைவு வரையில், அதாவது 21.6 வோல்ட் வரையிலேதான் உறுதியாகத் திறக்கும். ஆகவே இவ்வால்வு சில நாள் திறக்கும். சில நாள் திறவாது.

2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் தடை 4.3 ஓமாகக் குறையும். அப்பொழுது வால்வுக்கு 22.3 வோல்ட் கிடைக்கும். அது தாராளமாகப் போதும். பல வால்வுகளுக்குப் பொதுவாக ஒரே திரும்பு கம்பி போடுவோர், சேர்ந்து இயங்கும் வால்வுகளின் ஆம்பியர் முழுவதும் அந்த ஒரு கம்பியிலேயே திரும்புகிறது என்பதை நினைவிற் கொண்டு, அதனை இன்னும் பருமனாகப் போட வேண்டும். மின்வழங்கியின் முகப்பிலுள்ள சிறு திருகைத் திருப்பி வோல்டேஜை உயர்த்திக்கொள்வது சில இடங்களில் உதவும். ஆயினும் பலகையிலுள்ள மற்ற எல்லாக் கருவிகளும் அவ்வுயர்ந்த வோல்டேஜைத் தாங்கும் என்று தகட்டில் பார்த்த பின்னரே அதைச் செய்ய வேண்டும். மிக நெடுந்தூரமாயின், ஒரு நொடித் துடிப்பில் திறந்து, மற்றொரு துடிப்பில் மூடும் தாழ்ப்பாள் வகை வால்வுகள் கிடைக்கின்றன. அவை இடையில் மின்சாரம் வாங்குவதில்லை.

24 வோல்ட் மாறுமின்சார வால்வுகளை வைத்திருப்போர் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். அவை இழுக்கும் கணத்தில், பிடித்து நிற்கும்போது வாங்குவதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு வாங்கும். ஆகவே அவற்றின் டிரான்ஸ்பார்மரை இழுக்கும் கணத்தின் தேவைக்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். மண்ணோ பாசியோ அடைத்து உள்தண்டு முழுவதும் இழுபடாமல் நின்றால், அந்த அதிக ஆம்பியர் நீடித்துச் சுருள் கருகிவிடும். வடிகட்டியைச் சுத்தம் செய்வதும் மின்சாரக் காப்பே என்பது இதனால் விளங்கும்.

உள்ளே வரும் மின்சாரம்

மின்வழங்கி வெளியே தருவது 120 வாட் எனினும், உள்ளே சூடாக வீணாவதையும் சேர்த்து ஏறத்தாழ 136 வாட் வாங்கும். கிராமத்து வரிசையில் மாலை நேரத்தில் வோல்டேஜ் 170-க்கு இறங்குவதுண்டு. ஆகவே 85 முதல் 264 வோல்ட் வரை ஏற்கும் வகையை வாங்குதல் நலம். இறங்கிய வோல்டேஜில் அதே சக்தியைத் தர அது அதிக ஆம்பியர் வாங்கும் என்பதையும் அறிக. மின்சாரம் கொடுத்த முதற்கணத்தில் அது 30, 40 ஆம்பியரைக் கூட ஒரு சில மில்லிவிநாடிகளுக்கு விழுங்கும். ஆதலால் உட்புறத்தில் கூர்மையான பி வகையைத் தவிர்த்து, 6 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. வைப்பது வழக்கம்.

முழுச்சுமையில் ஏழரை ஆம்பியர் வாங்கும் 5 குதிரைசக்தி மோட்டார், நேரடி ஸ்டார்ட்டரில் தொடங்கும் கணத்தில் ஐந்தாறு மடங்கு வாங்கும். அந்நேரத்தில் வரிசையின் வோல்டேஜ் தாழும். மின்வழங்கி தன்னுள் சேமித்துள்ள சக்தியால் ஏறத்தாழ 20 மில்லிவிநாடி வரையிலேதான் தாக்குப்பிடிக்கும். மோட்டார் வேகம் பிடிக்க ஆவதோ அதைவிட நீண்ட நேரம். ஆகவே குறைந்த வோல்டேஜிலும் இயங்கும் வகையும், பாட்டரித் துணையும் இருந்தால் பி.எல்.சி. தடுமாறாது.

நியூட்ரல் கம்பி அறுந்தாலோ தளர்ந்தாலோ 230 வோல்ட் கருவிக்கு 400 வோல்ட் வரை ஏறக்கூடும். இடி மழைக் காலத்தில் மின்னலின் அதிர்வும் கம்பி வழியே வரும். இவற்றிற்காக மின்னற்காப்புக் கருவி ஒன்றையும், உயர் வோல்டேஜில் தானே துண்டிக்கும் ரிலேயையும் முன்னால் வைப்பதோடு, நல்ல மண்ணிணைப்பும் செய்ய வேண்டும். மண்ணிணைப்பு சரியில்லாத இடத்தில் மின்னற்காப்புக் கருவி வைப்பது, வடிகால் இல்லாத வயலுக்கு வரப்பு உயர்த்துவது போன்றது.

பியூஸ்கள்

ஒரு வால்வின் கம்பியை எலி கடித்து இரு முனைகளும் ஒட்டிக்கொண்டால், மின்வழங்கி தன்னைக் காத்துக்கொள்ள வோல்டேஜை அடியோடு தாழ்த்திவிடும். பலகை முழுவதும் அணையும். வெளிப்புறத்தில் 6 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்றை மட்டும் வைத்தவர் அது விழும் என்று எதிர்பார்ப்பார். ஆனால் அது உடனே விழுவதற்கு முப்பது ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். 5 ஆம்பியர் மின்வழங்கியால் அவ்வளவு தர இயலாது. பழுது எங்கேயென்று தெரியாமல் தோட்டம் முழுவதும் தோண்ட நேரிடும்.

எனவே வால்வு ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே 1 ஆம்பியர் விரைவு பியூஸ் வைத்து, பி.எல்.சி.யையும் மோடத்தையும் வேறொரு 2 ஆம்பியர் பியூஸில் பிரித்துவிட வேண்டும். பழுதான வால்வின் பியூஸ் மட்டும் போகும்; மற்ற ஏழு பகுதிகளுக்குப் பாசனம் நடைபெறும். அன்றியும் நேர்மின்சாரச் சுருள் ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு டையோடு இணைத்தால், அணைக்கும் கணத்தில் சுருள் எதிர்த்து உதைக்கும் உயர் வோல்டேஜ் ரிலேயின் முனைகளைத் தீய்க்காது.

பெரிதாகவே வாங்கிவிடலாமே என்பதற்கு விடை

20 ஆம்பியர் வாங்கி வைத்தால் கவலையில்லை என்று சிலர் கருதுவர். விலை ஒருபுறமிருக்க, பெரிய மின்வழங்கியால் பழுதான கம்பியினூடே பெருத்த ஆம்பியரைச் செலுத்த முடியும். தலைமுடி போன்ற உணர்கருவிக் கம்பிகள், தக்க பியூஸ் இல்லையாயின், உருகித் தீப்பிடிக்கும். தென்னங்கீற்றும் காய்ந்த சருகும் சூழ்ந்த கொட்டகையில் அது சிறு விஷயமன்று. கணக்கிட்டுப் பெற்ற அளவுக்கு அடுத்த பெரிய அளவே சரியான அளவு.

மின்வழங்கியை மட்டும் நம்பலாகாது

எவ்வளவு சரியாகக் கணக்கிட்டாலும் கருவி ஒருநாள் கெடும். மின்சாரம் இல்லாதபோது மூடிக்கொள்ளும் வால்வுகளே பெரும்பாலும் உபயோகத்தில் உள்ளன. அவை மூடியபின் மோட்டார் ஓடலாகாது. இதற்காக, பம்பின் வெளிக்குழாயில் ஓர் அழுத்த ஸ்விட்ச் வைத்து, பி.எல்.சி.யின் வழியாக அல்லாமல் நேராக ஸ்டார்ட்டரின் கட்டுப்பாட்டுக் கம்பியிலேயே இணைக்க வேண்டும். அழுத்தம் மீறினால் யாருடைய கட்டளைக்கும் காத்திராமல் அது மோட்டாரை நிறுத்தும். உபரி நீரை வெளியேற்றும் காப்பு வால்வு ஒன்றும் உடனிருத்தல் நன்று. மின்சாரம் திரும்பியவுடன் ஊரிலுள்ள மோட்டார்கள் யாவும் ஒரே நொடியில் தொடங்காமலிருக்க, ஒவ்வொருவரும் தத்தம் பலகையில் வெவ்வேறு நிமிஷத் தாமதம் வைத்துக்கொண்டால், வரிசையின் வோல்டேஜ் எல்லோருக்கும் சீராகக் கிடைக்கும்.

கிராம அலுவலர்களும் ஊராட்சியினரும் கவனிக்க வேண்டியவை

இக்கணக்கு தனியார் தோட்டத்திற்கு மட்டும் உரியதன்று. ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்குத் தானாக நீரேற்றும் பலகையிலும் இதே மின்வழங்கியே இருக்கிறது. அது அளவிற் குறைந்திருந்தால், ஊர் முழுவதும் குடிநீருக்குக் குடத்துடன் காத்து நிற்க நேரும். ஆதலால் அத்தகைய பலகையை ஏற்கும்போது, கருவிகளின் பட்டியல், ஒருங்கே இயங்கும் ஆம்பியர், மிச்சம், உஷ்ணக் குறைப்பு, மிகத் தொலைவிலுள்ள கருவிக்குக் கிடைக்கும் வோல்டேஜ் ஆகிய ஐந்தும் எழுத்து மூலமாகத் தரப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து, ஒரு பிரதியை அலுவலகத்திலும் மற்றொன்றைப் பலகையின் கதவின் உட்புறத்திலும் வைக்க வேண்டும். பழுது பார்க்க வருபவர் புதியவராயினும் அத்தாள் அவருக்கு வழிகாட்டும்.

பல விவசாயிகள் சேர்ந்து ஒரே சமயத்தில் பலகைகள் வாங்கும் ஊர்களில், இத்தாளைக் கேட்டு வாங்குமாறு அவர்களுக்கு எடுத்துச் சொல்வது பெரிய உபகாரமாகும். தாள் தர மறுக்கும் வியாபாரி கணக்குப் பார்க்கவில்லை என்றே கொள்ளலாம்.

பரீட்சை செய்யும் முறை

பலகையை ஏற்குமுன் செய்யத்தக்க எளிய பரீட்சை ஒன்றுண்டு. கோடைப் பிற்பகலில், பாட்டரியைச் சிறிது இறங்கவிட்டு, நான்கு வால்வுகளையும் ஒருங்கே திறக்கச் செய்து, மின்வழங்கியின் முனைகளில் வோல்ட் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். 24 வோல்ட்டிலிருந்து அரை வோல்ட்டுக்கு மேல் அசையலாகாது. பின்னர் அதே நேரத்தில் மிகத் தொலைவிலுள்ள வால்வின் முனையில் பார்க்க வேண்டும். அங்கே 21.6-க்குக் குறையலாகாது. மூன்றாவதாக, மோட்டார் தொடங்கும் கணத்தில் தொடுதிரை மங்குகிறதா, பி.எல்.சி. மறுபடி தொடங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். 230 வோல்ட்டும் 400 வோல்ட்டும் உள்ள பகுதிகளைத் தகுதி பெற்ற மின்பணியாளரைத் தவிர மற்றவர் திறக்கலாகாது. 24 வோல்ட் முனைகளையும் அவரைக்கொண்டே அளப்பது உத்தமம்.

சுருங்கக் கூறின், தகட்டைப் பார்த்து எழுதுக, ஒருங்கே இயங்குபவற்றைக் கூட்டுக, பாட்டரியின் பங்கைச் சேர்க்க, நான்கில் ஒரு பங்கு மிச்சம் வைக்க, உஷ்ணத்திற்குக் கழிக்க, அடுத்த பெரிய அளவை வாங்குக, கம்பியைக் கடைமடை வரையில் கணக்கிடுக. இவ்வேழும் ஒரு மாலைப்பொழுதின் வேலையே. வித்திடுமுன் விதையைப் பரீட்சிப்பது போல, பலகையை மாட்டுமுன் இக்கணக்கைப் பார்த்துவிட்டால், பாய்ச்சல் முறை தவறாது. மோட்டாரும் பயிரும் பிழைக்கும்.